டிக்கன்ஸும் அவரைப் பழித்தோரும்

ஆங்கில நாவலாசிரியருள் சார்ல்ஸ் டிக்கன்ஸின் பெயரைக் கேளாதார் நம் கல்லூரியில் இரார். ஆயினும், ஏழைச் சிறுவர்பொருட்டுக் கண்ணீர் உகுப்பித்தவர் என்றும், கிறிஸ்துமஸ் கதை எழுதியவர் என்றும் அவரை அறிந்தோரே பலர். சட்டத்தையும் அரசியலையும் எள்ளி நகையாடி அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தகாலை, அவற்றைப் படித்தோர் யாது கூறினர், அவர் யாது விடை பகர்ந்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் வாழ்க்கையை அவ்வழியே நோக்கிச் சில கூற விழைகின்றோம்.

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் நகரிற் பிறந்தார். அவர் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர்; இனிய இயல்பினர்; ஆனால் வரவறிந்து செலவிடும் திறம் சிறிதும் இலர். குடும்பம் இலண்டன் சேர்ந்தபின் கடன் பெருகிற்று. 1824-ஆம் ஆண்டில், நாற்பது பவுன் அளவினதான ஒரு கடனுக்காக அவர் மார்ஷல்ஸீ என்னும் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். தாயும் இளைய மக்களும் அச்சிறையிலேயே குடிபுகுந்தனர். பன்னிரண்டு வயதினனாகிய சார்ல்ஸ் வெளியே தனித்துத் தங்கி, தேம்ஸ் நதிக்கரையில் எலிகள் மலிந்த பழங்கட்டடம் ஒன்றில், பாதரட்சைக்கு மெருகிடும் மைப்புட்டிகளிற் சீட்டு ஒட்டி, வாரம் ஆறு ஷில்லிங் கூலி பெற்றான். ஞாயிறுதோறும் சிறை சென்று பெற்றோரைக் கண்டு வந்தான். சில திங்களில் தந்தை விடுதலை பெற்றார். மகன் நெஞ்சிற் பட்ட வடுவோ ஆறவில்லை. பிற்காலத்தில் உலகெலாம் புகழப்பட்ட அவர், இச்செய்தியைப் பொதுமக்களுக்கு ஒருபோதும் உரைத்திலர். அவர் இறந்தபின், நண்பர் ஜான் பார்ஸ்டர் எழுதிய சரித்திரத்தினாலேயே அஃது உலகறிந்தது. சட்டத்தை அவர் முதன்முதற் கண்டது நீதிமன்றத்தில் அன்று, சிறைவாயிலில் என்பதை நாம் மறத்தலாகாது.

பதினைந்தாம் வயதில் கிரேஸ் இன் என்னுமிடத்து வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாய் அமர்ந்தார். பின்னர்ச் சுருக்கெழுத்துப் பயின்று, டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற பழைய வழக்குமன்றங்களிலும், அப்பால் பார்லிமெண்டிலும் செய்தி எழுதுவோராயினார். 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்த மசோதா விவாதிக்கப்பட்ட நாட்களில், அச்சபையின் மேன்மாடத்தில் அமர்ந்து, மடிமேற் காகிதம் வைத்து எழுதியவருள் அவரும் ஒருவர். அங்கே கேட்ட சொற்பெருக்கு அவருக்கு அச்சபைமீது மதிப்பை உண்டாக்கவில்லை. 1841-ல் ரெடிங் நகரத்தார் தம் பிரதிநிதியாய் நிற்குமாறு வேண்டியபோதும் மறுத்துவிட்டார்.

1836-ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த பிக்விக் சரிதத்தில், மணவாக்குறுதி மீறியதாக ஒரு நிரபராதி மீது நடக்கும் வழக்கு வருகின்றது. அதனைப் படித்து வக்கீல்களும் நகைத்தனர். அந்நகைப்பில் நஞ்சு இல்லை. நஞ்சு கலந்தது 1844-ல் என்பது எம் கருத்து. முந்திய டிசம்பரில் வெளியான அவர் கிறிஸ்துமஸ் கதையைச் சிலர் திருடிச் சுருக்கி மலிவுவிலையில் விற்றனர். டிக்கன்ஸ் சான்ஸரி நீதிமன்றத்தை அடைந்தார். வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. ஆனால் திருடியவர் திவாலாயினர். வென்றவர் தலையில் ஏறத்தாழ எழுநூறு பவுன் செலவு விழுந்தது. மீண்டும் அத்தகைய திருட்டு நேர்ந்தகாலை, தீங்கைப் பொறுத்தலே நன்று, சட்டத்தை நாடுதல் அதனினும் பெருந்தீங்கு எனக் கருதி வாளாவிருந்தார்.

இவ்வநுபவம் எட்டாண்டு உள்ளே கிடந்து வெளிப்பட்டதே பிளீக் ஹவுஸ் என்னும் பெருநாவல். 1852 மார்ச்சு முதல் 1853 செப்டம்பர் வரை மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் அது பகுதி பகுதியாய் வெளிவந்தது. ஒவ்வொரு பகுதியும் முப்பதினாயிரம் படிகளுக்கு மேல் விலைபோயிற்று. கதை ஜார்ண்டைஸ் குடும்பத்துச் சொத்து வழக்கைப் பற்றியது. வழக்குத் தொடங்கியபோது பிறவாதவர் அதற்குள்ளே பிறந்து, அதற்குள்ளே இறக்கின்றனர். இறுதியில் உண்மையான மரணசாசனம் அகப்படுகின்றது; அந்நேரத்தில் சொத்து முழுவதையும் வழக்குச் செலவே விழுங்கிவிட்டமை தெரிகின்றது. பறவைகளைக் கூட்டில் அடைத்து வைத்துக்கொண்டு நாள்தோறும் மன்றத்திற்கு வரும் பேதைக்கிழவி மிஸ் பிளைட்டை ஒருமுறை கண்டோர் மறவார். மன்றத்தின் தீர்ப்பையும் கடைசி நாளின் நியாயத்தீர்ப்பையும் அவள் ஒன்றாக மயங்கிக் காத்திருக்கின்றாள். இதனைப் படித்தகாலை, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாது சென்ற விதவையின் உவமை எம் நினைவில் எழுந்தது. அவ்விதவைக்கேனும் நியாயம் கிடைத்தது.

அரசியலாரையும் அந்நூல் விடவில்லை. மந்திரிசபை அமைப்போர் பூடில், கூடில், டூடில் என முதலெழுத்து மட்டும் மாறிய பெயரினராய் வருகின்றனர். இன்னார்க்கு இன்ன இலாகா கொடுக்க இயலாதாயின் நாடே அழிந்தது என்று அவர்கள் பெருமூச்செறிகின்றனர். அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியனார் இரண்டாகப் பகுத்தனர். சான்ஸரியைப் பெயர்சொல்லி வைத தன்மையால் முன்னதும், மந்திரிகளை எழுத்து மாற்றி மறைத்தமையால் பின்னதும் இவ்வொரு நூலிலேயே அமைந்துள்ளமை தமிழ் பயில்வார்க்குச் சுவை தரும்.

இனி, படித்தோர் கூற்று. சான்ஸரி நீதிபதி ஒருவர், ஏறத்தாழ நூற்றைம்பதின்மர் கூடிய அவையில் டிக்கன்ஸும் கேட்க, தம் மன்றம் பெரிதும் குற்றமற்றது என்றும், தாமதம் உண்டாயின் நீதிபதிகளின் தொகையைப் பெருக்கப் பணம் தராத பொதுமக்களே அதற்குப் பொறுப்பு என்றும் உரைத்தனராம். டிக்கன்ஸ் அதனை அப்படியே தம் முகவுரையில் எழுதி, எழுபதினாயிரம் பவுன் செலவாகியும் இருபதாண்டாய் முடியாத மெய்வழக்கு ஒன்றைச் சான்றாகக் காட்டினார். வேறு சிலர், 1852-ஆம் ஆண்டிலேயே சான்ஸரியைத் திருத்தும் சட்டங்கள் நிறைவேறின. செத்த பாம்பை அடிப்பதில் வீரம் யாது என்று வினவினர். இவ்வினாவில் சிறிது உண்மை உண்டு. ஆனால் சட்டம் திருந்திய அன்றே கெட்ட குடும்பங்கள் தழைத்தன அல்ல.

கடுமையான கண்டனம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாயிருந்து 1850-ல் ஓய்வுபெற்ற டென்மன் பிரபு, டிக்கன்ஸை மிகவும் விரும்பியவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்க நெடுங்காலம் பாடுபட்டவர். நாவலில் ஜெல்லிபி அம்மையார் என்றொருவர் வருகின்றார். ஆப்பிரிக்க மக்களின் நலத்திற்காக இரவும் பகலும் கடிதம் எழுதுகின்றார். அவர் குழந்தைகளோ அழுக்கேறி மாடிப்படியில் உருண்டு விழுகின்றன. இச்சித்திரம் அடிமைகளுக்காக உழைப்போரை நகைக்கு இடமாக்கும் என்று டென்மன் பத்திரிகையில் வெகுண்டெழுதினார். ஜான் ஸ்டூவர்ட் மில்லும், பெண்கள் பொதுப்பணி செய்வதை இழித்ததாகக் கொண்டு, தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மிகச் சினந்தார்.

இங்கே யாம் டிக்கன்ஸின் பக்கம் முற்றும் நிற்க இயலவில்லை. கடல்கடந்த மக்கள்மீது கவலை கொண்டு புறப்பட்டு வந்தோரால் நிலைபெற்ற கல்லூரியிற் பயிலும் எமக்கு, ஜெல்லிபி அம்மையாரைக் கண்டு எளிதிற் சிரித்தல் கூடவில்லை. அவ்வாறு புறப்பட்டோர் வீடுகளிலும் சில குழந்தைகள் தாய்முகம் காணாது வளர்ந்திருக்கலாம், அதனையும் மறுக்கமாட்டோம். நண்பர் லீ ஹண்டின் நடையுடை பேச்செல்லாம் எடுத்து ஸ்கிம்போல் என்னும் பிறர்பொருளுண்ணிக்கு அணிவித்ததும் பெருந்தவறே. ஹண்ட் 1859-ல் இறந்தபின் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் சமாதானம் எழுதினார்; இறந்தவர் அதனைப் படித்தற்கில்லை.

1855 முதல் 1857 வரை வெளிவந்த லிட்டில் டாரிட் என்னும் நாவலில், தந்தை கிடந்த மார்ஷல்ஸீ சிறையையே களமாக்கி, ஒன்றையும் செய்யாதிருக்கும் கலையைக் கற்ற அரசாங்க அலுவலகம் ஒன்றையும் படைத்தார். கிரிமியப் போரில் அதிகாரிகளின் கவனமின்மையால் வீரர் மாண்ட செய்தி நாட்டைக் கலக்கிய காலம் அது. எடின்பரோ ரெவ்யூவில் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற இளம் வழக்கறிஞர், நாவலாசிரியருக்கு அரசாட்சியை விசாரிக்க யாது தகுதி என்று சீறினார். அவர் தந்தையும் குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் உயர்பதவி வகித்தவர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நல்ல அதிகாரிக்கு உதாரணமாக, ஒருபென்னித் தபாலை ஏற்படுத்திய ரோலண்டு ஹில்லை ஸ்டீபன் சுட்டியிருந்தார். அந்த ஹில்லையே அலுவலகத்தார் பல்லாண்டு தடுத்து அலைக்கழித்தனர் என்பதை எடுத்துக்காட்டி, டிக்கன்ஸ் தம் வாரப்பத்திரிகையில் விடையிறுத்தார். அவ்வளவில் அவரே வென்றார் என்போம். இந்த ஸ்டீபனே பின்னர் இந்தியாவிற்குச் சட்ட உறுப்பினராய் வந்து, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வகுத்தவர். அச்சட்டம் 2024 வரை நம் நீதிமன்றங்களில் வழங்கிற்று. திறமையற்ற பகைவர் அல்லர் என்பதற்காக இதனைக் கூறினோம்.

இறுதிக்காலத்தில் தம் நூல்களை மேடையேறிப் படித்துக் காட்டுவதில் உடல்நலத்தைச் செலவிட்டார். 1870 ஜூன் 9-ஆம் தேதி காட்ஸ்ஹில் இல்லத்தில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். பழைய சான்ஸரி நீதிமன்றம் 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1875-ல் உயர்நீதிமன்றத்தோடு கலந்து மறைந்தது. அதனை அவர் காணவில்லை. 1928-ல் சட்டவரலாற்றுப் பேராசிரியர் ஹோல்ட்ஸ்வொர்த் வெளியிட்ட நூல், டிக்கன்ஸின் நாவல்களை அக்கால நீதிமுறைக்கு நம்பத்தக்க சான்றாக ஏற்றுக்கொண்டது. 2011-ல் அமெரிக்க உயர்தலைமை நீதிமன்றம், நெடுநாள் இழுபட்ட மரபுரிமை வழக்கொன்றில், ஜார்ண்டைஸ் வழக்கை நினைவூட்டியே தன் தீர்ப்பைத் தொடங்கிற்று.

டிக்கன்ஸின் மக்களுள் ஹென்றி என்பவர் தந்தை இருக்கும்போதே கேம்பிரிட்ஜ் சென்றார், பின்னர் வழக்கறிஞரானார், 1917 முதல் 1932 வரை இலண்டன் மாநகரில் நீதிபதியாய் அமர்ந்து வழக்குகளை விசாரித்து வந்தார்.