தபால் தலையில் விளங்கும் தியாகச் செல்வர்

நாட்டுக்கு உழைத்த நல்லோரைப் போற்றும் வழிகள் பலவற்றுள் தபால் தலை வெளியிடுதலும் ஒன்றாகும். சிலை ஓரிடத்தே நிற்கும். அதனைக் காண விழைவோர் அவ்விடம் செல்லல் வேண்டும். தபால் தலையோ தானே வீடுதோறும் வந்து சேரும். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு, அவர் திருவுருவந் தாங்கிய 20 காசுத் தபால் தலையை இந்திய சர்க்கார் வெளியிட்டனர். அப்பெரியார் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிள்ளையவர்கள் திருநெல்வேலிச் சீமை ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். தந்தையாரைப் போன்றே வக்கீல் தொழிலை மேற்கொண்டு, தூத்துக்குடியிற் பெயரும் பொருளும் பெற்றார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டும் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியார் கையில் இருந்தது. நம் முன்னோர் கலஞ் செலுத்திய கடலில் நாம் பிறர்க்குக் கூலி கொடுத்துச் செல்வதோ என அவருள்ளம் வெதும்பிற்று. 1906-இல் பத்து லக்ஷ ரூபாய் மூலதனங் குறித்துச் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மறு ஆண்டே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்தன. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் பெரிதுங் குறைத்துப் போட்டியிட்டனர். எனினும் அவர் தளர்ந்தாரல்லர்.

1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தபோது அவர்க்குத் துணைநின்று வெற்றியும் தேடித் தந்தார். அதன்பின் ஒரு வாரத்திற்குள், மார்ச்சு 12-ஆம் நாள், அவர் சிறைப்படுத்தப்பட்டார். இராஜ நிந்தனைக் குற்றஞ் சாட்டி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் வழக்கில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்கும் செக்கினை வக்கீலாயிருந்த இவர் இழுத்தார். அவர்தம் நண்பர் பாரதியார் அவ்வாண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிற் புகலடைந்தார்.

1912-இல் விடுதலையாகி வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை. வக்கீல் உரிமையும் இல்லை. கப்பலோட்டியவர் குடும்பம் ஓட்டுதற்கே அல்லலுற்றார். அந்நிலையிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தும், திருக்குறட்கு உரை வகுத்தும் தமிழுக்குத் தொண்டு புரிந்தமை தமிழ் பயிலும் நம்மனோர் மறத்தற்குரியதன்று. இழந்த வக்கீல் உரிமையை மீட்டுத் தந்த ஆங்கில நீதிபதி வாலேஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைப் பகைத்தாரேயன்றி ஆங்கிலேயரை வெறுத்தாரல்லர் என்பதற்கு இஃதொன்றே சான்றாம். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனித் தபால் தலைக்கு வருவோம். அவர் செக்கிழுத்த நாளில் பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் தலைகளில் விளங்கியது ஏழாம் எட்வர்டு மன்னரின் முகம். நம் வில்லியனூரிலும் பாகூரிலும் வழங்கியனவோ பிரெஞ்சு ஆட்சியாரின் தபால் தலைகள். இவ்விரு கொம்யூன்களும் புதுச்சேரியோடு 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவுடன் இணைந்தன. ஆதலின் 1972-இல் வெளிவந்த அத்தபால் தலை தூத்துக்குடிக்கே போல இவ்வூர்கட்கும் உரியதாயிற்று. மன்னன் முகம் இருந்த இடத்தில், அம்மன்னன் ஆட்சியை நிந்தித்தவரென்று தண்டிக்கப்பட்டவரின் முகம் பொலிந்தது. காலத்தின் தீர்ப்பு இதனினும் தெளிவாக வேறெங்கு எழுதப்பட்டது?

ஆயினும் நண்பர்காள், ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. அத்தபால் தலை வந்தது அவர் மறைந்து 36 ஆண்டுகட்குப் பின்னர். அரிசிக்கும் கடனுக்கும் அவர் கவன்றிருந்த நாளில் நாடு அவரைப் போதிய அளவு நினைந்ததில்லை. மறைந்தாரைப் போற்றுதல் எளிது. அதனாற் போற்றுவோர்க்கு யாதொரு செலவுமில்லை. நம்மூரிலும் பிறர்க்கென உழைத்து வறுமையில் வாடுவார் இன்றும் இருத்தல் கூடும். அன்னாரை அவர் உயிரோடிருக்கும்போதே நாடிச்சென்று உதவுதலே பிள்ளையவர்கட்கு நாம் செய்யும் உண்மையான நன்றியாகும்.