ஸ்டீபன் ஹேல்ஸ் ஐயர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் அடைபட்டிருக்கும் நீர் ஓயாது மேல்நோக்கி உந்துகின்றது. அதனை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கம் வெட்டுதல் இயலாதென்பதை நாம் அறிவோம். ஆங்கே துளையிட்டு ஒரு குழாயை நிறுத்தின், அந்நீர் ஏறி நிற்கும் உயரமே அதன் அழுத்தத்தைக் காட்டும். இவ்வெளிய முறையால் உயிருள்ள உடலில் இரத்தத்தின் அழுத்தத்தை முதன்முதலாக அளந்தவர், டெடிங்டன் ஊரின் சபைக்குருவாகிய ஸ்டீபன் ஹேல்ஸ் ஐயராவர்.

இவர் 1677-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிற் பிறந்தார், கேம்பிரிட்ஜிற் பயின்றார், 1709-இல் டெடிங்டன் சபையின் ஊழியத்தை ஏற்று, மரணபரியந்தம் அதனைப் பேணினார்.

ஐயர் ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியிற் பித்தளைக் குழலைச் செருகி, நெடிய கண்ணாடிக் குழாயொன்றை அதனோடு இணைத்தார். இரத்தம் இருதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி, துடிப்புத்தோறும் உயர்ந்து தாழ்ந்தது. பின்னர் இரத்தத்தை அளவளவாக வெளியேற்றி, அவ்வுயரம் குறைந்து வருதலையும் குறித்தார். குதிரை மடிந்தது. உயிர்களை அறுத்தாராயும் அருவருப்பினால் ஐயர் இவ்வாராய்ச்சியைச் சிலகாலம் கைவிட்டுச் செடிகொடிகளின் நீரோட்டத்தை ஆராயப் புகுந்தார். தமது இரத்த ஆராய்ச்சியை 1733-இல் நூலாக வெளியிட்டார். கப்பல்களிலும் சிறைகளிலும் நற்காற்றுப் புகுதற்குக் கருவி அமைத்து, 1761-இல் உயிர்நீத்தார்.

1896-இல் ரீவா ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர் கைப்பட்டைக் கருவியையும், 1905-இல் ருஷியராகிய கொரொட்காப் தமனியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையையும் வெளியிட்டனர். குத்துதலும் குருதியும் இன்றி அளக்கும் இம்முறையே அன்றாட மருத்துவத்திற்குப் போதுமானது. ஆயினும், உடல் நிலைகுலைந்து இரத்தக்குழாய்கள் சுருங்கியவிடத்து, ஒலி மங்குகின்றது. கைப்பட்டையின் கணக்கும் பிழைபடக்கூடும். ஆகையால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழலைச் செலுத்தித் துடிப்புத்தோறும் அழுத்தத்தை நோக்குகின்றனர். இஃது ஐயர் கண்ட வழியேயன்றோ!

இவ்வழியும் குற்றமற்றதன்று. இரத்தம் கசிதலும், உறைதலும், நோய்க்கிருமி புகுதலும் உண்டு. அளவுகருவி இருதயத்தின் மட்டத்தில் நில்லாவிடின் அதுவும் பொய்க்கணக்கே காட்டும். இரு முறைகளும் மாறுபடுங்கால், பட்டையின் அகலத்தையும், குழலின் அடைப்பையும், கருவியின் மட்டத்தையும் ஆராய்ந்து, நோயாளியின் முகத்தையும் நோக்கியே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஓர் எண்ணை நம்பி உயிரைப் பணயம் வைத்தல் தகாது. எவ்விடத்தினின்று அளக்கிறோமென்பதை முதலிலேயே வரையறுத்துக்கொண்ட ஐயரின் நிதானம், மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர்க்கு உற்ற துணையாகுக.