ஏழைக் குடியானவரின் நியாயதுரந்தரர்

வேலிக் கதிகால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதென்று வழக்காடத் தொடங்கி, ஈற்றில் அவ்வேலி சூழ்ந்த காணியையே விற்றுச் செலவு தீர்த்த குடும்பங்களை நாம் அறிவோம். நீதிமன்றின் வாயில் யாவர்க்கும் திறந்தே கிடக்கின்றது. ஆயினும் அவ்வாயில்வரை செல்லுதற்கு வேண்டிய பொருள் யாவரிடத்தும் இருப்பதில்லை. இக்குறையைத் தம் வாழ்நாளிலே கண்டு அதற்கு மருந்து தேடியவருள் ஒருவர் காந்தியடிகள். அவரை விடுதலைப் போரின் தலைவராக உலகம் போற்றுகின்றது. நியாயதுரந்தரராக நினைப்பவர் சிலரே. எமது கல்லூரியின் பழைய மாணவருட் சட்டத்துறை புகுந்தோர் பலராதலின், அடிகளின் வாழ்க்கையில் அப்பகுதியை இம்மலரிலே எடுத்துரைத்தல் பொருத்தமாகும்.

1869ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்த மோகனதாசர், 1888இல் இலண்டன் சென்று, 1891இற் பாரிஸ்டராகித் தாயகம் மீண்டார். பம்பாயிலே சிறு வழக்கு மன்றில் முப்பது ரூபா கட்டணம் பெற்று முதல் வழக்கை ஏற்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்கு நா எழவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாணத்துடன் வெளியேறினார். அந்நாளிலே, போர்பந்தரிற் காணி பறிமுதலான ஏழை முகமதியர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். அவருக்காக மோகனதாசர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஏழையின் பொறுப்பு அச்சுக்கூலி மாத்திரமே. எழுதியவர் ஊதியம் பெற்றிலர். மன்றிலே பேச இயலாத இளைஞருக்குத் தம் தொழிலில் நம்பிக்கை பிறந்தது இந்த இலவசப் பணியினாலேயாம்.

1893இல் வணிகர் ஒருவரின் வழக்கின்பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். அது நாற்பதினாயிரம் பவுண் வழக்கு. வாதியும் பிரதிவாதியும் உறவினர். வழக்கு நீண்டால் இருவரும் அழிவர் என்று கண்ட காந்தி, அதனை மத்தியத்தர் தீர்ப்புக்கு விடுமாறு இரு திறத்தாரையும் இணக்கினார். தோற்றவர் பணத்தைத் தவணை முறையிற் செலுத்தவும் வழி செய்தார். பிரிந்தோரைச் சேர்த்துவைப்பதே சட்டத்தொழிலின் உண்மைப் பயன் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார்.

அடுத்த ஆண்டிலே, தேர்பன் நகரில், கிழிந்த உடையும் குருதி வடியும் வாயுமாகப் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி அவர்முன் வந்து நின்றார். எசமான் அடித்ததனால் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. சாதாரண வேலையாள் ஒருவர் வேலையை விட்டு நீங்கினால் எசமான் உரிமை வழக்கே தொடுக்கலாம். ஒப்பந்தக் கூலியோ அவ்வாறு நீங்கினாற் சிறைக்கே செல்லல் வேண்டும். காந்தி முதலில் வைத்தியரிடம் சான்றிதழ் பெற்றார்; பின்பு நீதவானிடம் முறையிட்டார். எசமானைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறோர் எசமானுக்கு மாற்றுவித்து அவரை விடுவித்தார். அதன்பின் அவரது அலுவலகம் ஒப்பந்தத் தொழிலாளர் வந்து கூடும் இடமாயிற்று.

இங்ஙனம் பெற்ற பயிற்சி முழுவதும் சம்பாரணிலே பயன்பட்டது. பீகாரின் வடபாலுள்ள அம்மாவட்டத்திற் குடியானவர், நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்காக அவுரி பயிரிடக் கட்டுப்பட்டிருந்தனர். இராசகுமார சுக்குலர் என்னும் குடியானவர் 1916இல் இலட்சுமணபுரிக் காங்கிரசிலே காந்தியைக் கண்டு, விடாது பின்தொடர்ந்து, 1917இல் அவரை அழைத்துச் சென்றார்.

அங்கே குடியானவருக்காக வழக்காடிய நியாயவாதிகள் நல்லோரே. ஆயினும் அவர்கள் பெற்ற கட்டணத்தைக் கேட்டு அடிகள் திகைத்தார். அச்சத்தால் ஒடுங்கிய மக்களுக்கு நீதிமன்றினாற் பயனில்லை, முதலில் அச்சம் நீங்கவேண்டும் என்று கூறினார். பிரசகிசோர பிரசாத், இராசேந்திர பிரசாத் முதலிய நியாயவாதிகளிடம் அவர் வேண்டியது வாதத்திறனன்று. எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஊதியமின்றி உழைக்குமாறும், வேண்டின் சிறை செல்லுமாறும் கேட்டார். அவர்களும் இசைந்தனர்.

மாவட்டத்தை விட்டு நீங்குமாறு பிறந்த கட்டளையை மீறியதற்காக ஏப்பிரல் 18ஆம் நாள் மோத்திகாரி மன்றிலே நின்று அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சில நாளில் அரசு வழக்கைக் கைவிட்டது. பின்பு ஆயிரக்கணக்கான குடியானவரின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்தே எழுதினர். சோதனையில் நில்லாத கூற்று ஏற்கப்படவில்லை. இரகசியப் பொலிசார் அருகிருந்து கேட்கவும் அடிகள் இடங்கொடுத்தார். அதனாற் குடியானவரின் அச்சமும் நீங்கிற்று. எழுதுவோரின் கவனமும் மிகுந்தது.

அரசு விசாரணைக் குழு ஒன்றை நிறுவி அடிகளையும் உறுப்பினராக்கியது. முறைகேடாக வாங்கிய பணத்திற் காற்பங்கைத் துரைமார் மீளக் கொடுப்பதென முடிவாயிற்று. அவர் முழுத்தொகைக்கு வாதாடாமை சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். ஆனால் துரைமார் கைநீட்டிக் கொடுக்க நேர்ந்ததே, அவர்களை எதிர்க்க இயலாது என்னும் எண்ணத்தை உடைத்தது. 1918இல் இயற்றிய சட்டம் அவுரிக் கட்டாயத்தை ஒழித்தது.

1922இற் சிறைத்தண்டனை பெற்றமையால், இலண்டன் சட்டக் கழகம் அவர் பெயரைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 1927இல் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது பாரிஸ்டர் பட்டம் அவரிடம் இல்லை. அதனால் அவரைக் காணத் திரண்ட கூட்டமும் குறையவில்லை. 1948இல் அவர் மறைந்தார். 1988இலேதான் அக்கழகம் அப்பெயரை மீளச் சேர்த்தது.

இலங்கையில் 1978இல் சட்ட உதவிச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1976இல் அரசியலமைப்பிலே இலவச சட்ட உதவி இடம்பெற்று, 1987இல் அதற்கெனத் தனிச்சட்டமும் எழுந்தது. ஆகவே ஏழைக்கு உதவும் விதிகள் இன்று உள. ஆயினும் கிராமத்துக் குடியானவரின் திண்ணையில் அமர்ந்து, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, பொய்யை விலக்கி மெய்யை எழுதிக் கொடுக்கும் பணியை விதி தானாகச் செய்யாது. மனிதரே செய்தல் வேண்டும். எம்மிடையே சட்டம் கற்றோரும் இனிக் கற்போரும், கட்டணம் பெறும் வழக்குகளுக்கிடையே பெறாத வழக்கொன்றையும் ஆண்டுதோறும் ஏற்பாராயின், கல்லூரித் தாய்க்கு இவ்விழாவிலே அளிக்கத்தக்க காணிக்கை அதனிற் சிறந்தது வேறில்லை.