அறிஞர் ஹால்டேன்

கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூரும் பண்ணுருட்டியும் பலாவிற்குப் பேர்போனவை. கோடையில் வீட்டுத் திண்ணையில் பழத்தைப் பிளந்து வைத்தால், சிறிது நேரத்திற்குள் எள்ளளவே ஆன ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்க்கும். அவற்றை விசிறியால் ஓட்டிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் இத்தகைய பழ ஈயின் உடலில் கண்ட கணக்கைக் கொண்டு மனிதரின் பிறவி நோயை ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்திற் பிறந்து இந்தியராக மறைந்த அவர், ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் ஆவார்.

அவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தோன்றினார். தந்தையார், நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். ஒருநாள் அவர் தம் மகனைச் சுரங்கத்துள் அழைத்துச் சென்று, தாழ்ந்த கூரையின் கீழ் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதி ஒன்றை ஒப்பிக்குமாறு பணித்தார். சில அடிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சுத் திணறியது. கால் தளர்ந்து தரையிற் சாய்ந்தான். தரையிலோ நல்ல காற்று இருந்தது! சுரங்கத்து எரிவளி காற்றினும் இலேசானது, கூரையை ஒட்டியே தங்கும் என்பதை அவன் தன் உடலாலேயே கற்றுக்கொண்டான். நம் நெய்வேலிச் சுரங்கம் வானம் பார்த்த திறந்த சுரங்கம்; அங்கு இவ்வச்சம் இல்லை. இக்காலத் தந்தையர் எவரும் இவ்வாறு பாடம் புகட்டத் துணியார், துணியவும் வேண்டா. ஆயினும் பிறரைச் சோதிக்குமுன் தம்மைச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் ஹால்டேனிடம் வாழ்நாள் முழுதும் நின்றது. 1939இல் தெடிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டபோது, காரணம் அறியத் தாமே அழுத்த அறைக்குள் புகுந்து துன்புற்றார்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் பண்டைய இலக்கியமும் பயின்றார். அறிவியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றதில்லை என்பதை மாணவர் கருதுக. மரபியலை அவர் தம் தங்கையார் நவோமியோடு வீட்டில் கினிப்பன்றிகளையும் எலிகளையும் வளர்த்தே கற்றார்.

உயிரணுவினுள் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. நாரில் தொடுத்த பூக்கள்போல மரபணுக்கள் அவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. ஓரிழையிலுள்ள இரு மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பிள்ளையைச் சேரும். சிலபோது இழை அறுந்து இணையிழையோடு மாறி ஒட்டுவதால் அவை பிரிவதும் உண்டு. அருகிலிருப்பவை அரிதாகவும், தொலைவிலிருப்பவை அடிக்கடியும் பிரியும். ஆதலின் பிரிவை எண்ணித் தொலைவை அளக்கலாம். நியூயார்க்கில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்பார் பாற்புட்டிகளில் பழ ஈக்களை வளர்த்து இவ்வுண்மையை ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ஸ்டர்டிவண்ட் 1911இல் ஒரே இரவில் முதல் மரபணுப் படத்தை வரைந்தார். ஆனால் தொலைவு மிகுந்தால் இழை இருமுறை மாறிப் பழைய நிலையை எய்திவிடும், எண்ணிக்கை பொய்க்கும். இப்பிழையைக் களையும் கணக்கை 1919இல் ஹால்டேன் வகுத்தார். அவ்வளவைக்கு மார்கன் என்றே பெயரும் சூட்டினார். இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

மனிதரைப் புட்டியில் வளர்த்துக் கலப்புச் செய்ய இயலாது; செய்தல் அறமும் அன்று. ஈக்குப் பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். நமக்கோ இருபத்தைந்து ஆண்டுகளாகும். ஆகவே ஹால்டேனும் ஜூலியா பெல் என்னும் அம்மையாரும் குடும்ப வரலாறுகளை நாடினர். குருதி உறையாது வழியும் ஹீமோஃபிலியா நோயும் நிறக்குருடும் ஒருங்கே காணப்பட்ட குடும்பங்களைத் தேடி, யாருக்கு எது வந்தது என ஆராய்ந்தனர். இரண்டும் ஓரிழையில் அருகருகே உள்ளன என்பதை 1937இல் நிறுவினர். நிறக்குருட்டால் உயிருக்குத் தீங்கில்லை. ஆயினும் அது கொடிய நோயின் இருப்பிடத்தைக் காட்டும் எல்லைக்கல்லாயிற்று. மனிதரில் இவ்வாறு அளக்கப்பட்ட முதல் நோய் அதுவே.

ஈக்கும் நமக்கும் உள்ள உறவு அளவுகோலோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் பழ ஈயின் மரபணுத் தொகுதி பெரும்பாலும் படித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டு, மனித நோய்க்குரிய 929 மரபணுக்களைக் கணிப்பொறியில் ஈயின் மரபணுக்களோடு ஒப்பிட்டபோது, 714க்கு இணை கிடைத்தது! இன்று அத்தகைய அட்டவணைகளை எவரும் இணையத்தில் புரட்டலாம். குழந்தை ஒன்றின் மரபணுவில் புதிய பிழையைக் காணும் மருத்துவர், அதற்கு இணையான ஈ மரபணுவை அங்கே கண்டு, அதே பிழையை ஈயில் உண்டாக்கி, அதுவே நோய்க்குக் காரணமா என்று பார்க்கச் செய்யலாம்.

1957இல் ஹால்டேன், மகலனோபிஸ் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். வேட்டியும் சட்டையும் அணிந்தார்; புலால் நீத்தார்; 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்க்கு, கண்ணும் எண்ணும் போதும் என்று காட்டினார். அவர்தம் மாணவர் ஒருவர் பவழமல்லியின் இதழ்களை எண்ணினார். மற்றொருவர் தென்னை மட்டைகள் இடஞ்சுழியா வலஞ்சுழியா எனக் குறித்தார்.

தென்னாட்டில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் அவர் கருத்தை மிகவும் ஈர்த்தது. நம்மில் யார் வீட்டில் இம்மணம் இல்லை? பிழைபட்ட மரபணு ஒன்று தனித்திருக்கையில் பெரும்பாலும் தீங்கு செய்யாது. தாயும் தந்தையும் ஒரே குடியினராயின், அப்பிழை இருபுறமும் வந்து பிள்ளையிடம் கூடலாம். ஒரே முன்னோரின் மரபணு இவ்வாறு இரட்டித்து வரும் வாய்ப்பு, அக்காள் மகளை மணந்தோர் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு. மாமன் மகளை மணந்தோர்க்குப் பதினாறில் ஒரு பங்கு. ஹால்டேன் இவ்வழக்கத்தைப் பழிக்க முந்தவில்லை. எண்ணிப் பார்க்கவே விரும்பினார். அவர்தம் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திர நாட்டில் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார்.

1962இல் ஹால்டேன் புவனேசுவரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். ஆனால் புற்றுநோய் அவரை விரைவில் பற்றிக்கொண்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் அவர் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி அவருடல் எரியூட்டப்படவில்லை. காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கற்பதற்காகக் கொண்டுசெல்லப்பட்டது.