பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவன்

அதிராம்பட்டினத்தில் ஒரு மளிகை மொத்தக் கடையில் விடுமுறை நாட்களில் நான் கணக்கு எழுதுகிறேன். அதே கடையில்தான் என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளாக மூட்டை இறக்குகிறார். விருதுநகரிலிருந்து மிளகாயும் மல்லியும் பருப்பும் வரும்போது கூடவே வரும் பட்டியலில் சரக்கு விலை, சாக்கு, கூலி, வரி ஆகியவற்றுக்குக் கீழே மகமை என்று ஒரு வரி இருக்கும். சில ரூபாய்தான். முதல் நாள் அதை ஏதோ ஒரு வரி என்று எண்ணி எழுதிவிட்டேன். அரசு கேட்காத வரி ஒன்று பட்டியலில் எப்படி வந்தது என்ற ஐயம் பிறகுதான் எழுந்தது. கடை முதலாளியைக் கேட்டேன். கல்லூரி நூலகத்திலும் தேடினேன். அந்தத் தேடல் என்னைப் பெருந்தலைவர் காமராசரின் வாழ்க்கைக்குக் கொண்டு சேர்த்தது.

காமராசரைப் பற்றி நம் மலரில் எழுதாத ஆண்டு உண்டா என்று நண்பர்கள் நகைக்கலாம். தாயார் வீட்டுக் குழாயையும் அவருடைய நான்கு முழ வேட்டியையும் பற்றி நாம் எல்லோரும் பேச்சுப் போட்டிகளில் முழங்கியிருக்கிறோம். அவற்றை மீண்டும் எழுதப் போவதில்லை. அவரைப் படிக்க வைத்த காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

வணிகர் கூடிச் சரக்கின்மேல் ஒரு சிறு தொகை வைத்து அதை அறத்துக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. பிரான்மலைக் கோயிலில் 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் உப்பு, நெல், மிளகு, மஞ்சள் எனப் பண்டம் பண்டமாகக் குறித்து, இவ்வளவுக்கு இவ்வளவு கோயிலுக்கு என்று முடிவு செய்த செய்தி அதில் இருக்கிறது. அந்தக் குழுக்கள் மறைந்துவிட்டன. ஆனால் அந்த வழக்கம் பிற்காலத்தில் இராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர் நாடார் வணிகரிடம் வேறு வடிவில் உயிரோடு இருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்பவை அந்த ஆறு ஊர்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் அச்சமின்றித் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அவர்கள் கட்டினார்கள். உறவின்முறை என்ற ஊர்ச்சபை கூடிச் சரக்குக்கு இவ்வளவு மகமை என்று விதித்தது. முறைகாரர்கள் முறை வைத்துத் தண்டினார்கள்; சபையில் கணக்குக் காட்டினார்கள்.

அந்தப் பணத்துக்கு வேலையும் இருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1897 இல் கமுதிக் கோயிலுக்குள் சென்றதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899 இல் சிவகாசிக் கலவரம். பிறர் கதவு திறக்காத இடத்தில் இவர்கள் தமக்கென்று கோயிலும் கிணறும் பள்ளியும் கட்டிக்கொண்டார்கள். அப்படி எழுந்த ஒரு பள்ளிதான் விருதுபட்டி என்று அன்று அழைக்கப்பட்ட விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை. மகமையோடு பிடி அரிசியும் அதற்குத் துணை நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போடுவார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை.

1903 ஆம் ஆண்டு சூலை 15 ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்த காமராசர் இந்தப் பள்ளியில்தான் பயின்றார். தந்தையார் தேங்காய் வணிகர். மகனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் மறைந்தார். தாயார் தம் நகைகளைக் கொடுத்து வைத்து, வந்த வட்டியில் மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார். சம்பளம் கேட்கிற பள்ளியாக இருந்திருந்தால் அந்தச் சிறுவன் அவ்வளவு காலம்கூட உட்கார்ந்திருப்பானா என்பது ஐயமே. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமா கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் என் தந்தையாருக்குத் தோள்பட்டை விலகி மூன்று மாதம் மூட்டை தூக்க முடியவில்லை. கடையில் முழு நேர வேலைக்கு என்னை அழைத்தார்கள். நல்ல மனத்தோடுதான் அழைத்தார்கள். அப்பாவும் பாதி இசைந்துவிட்டார். கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் அப்பாயி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துணிக்கடைச் சிறுவனின் மனம் கடையில் நிற்கவில்லை. 1919 இல் சாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அவரைக் காங்கிரசுப் பக்கம் இழுத்தது. வழி மாற்றலாம் என்று வீட்டார் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தபடியே வைக்கம் போராட்டத்தில் ஈடுபட்டார். 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. எங்கள் கடற்கரைக்குக் கிழக்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் அப்பால் இருக்கும் வேதாரண்யத்துக்கு, இராசாசி திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாகத் தொண்டர்களோடு நடந்து வந்தார். அந்தப் போராட்டத்தில் பங்கு கொண்டதற்காகக் காமராசருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் அடைக்கப்பட்டு, காந்தி இர்வின் ஒப்பந்தத்தால் 1931 இல் வெளிவந்தார். அதிராம்பட்டினத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த உப்புக்காக ஒருவர் கல்கத்தா வரை சிறை சென்றார் என்பது படித்தபோது புதிய செய்தியாக இருந்தது.

பிறகு நடந்தவை நாடறிந்தவை. 1937 இல் சட்டமன்ற உறுப்பினர். 1940 இல் மாகாணக் காங்கிரசுத் தலைவர். 1942 முதல் 1945 வரை மீண்டும் சிறை. 1954 ஏப்ரல் 13 அன்று சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பெரும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்த 1953 ஆம் ஆண்டின் அரை நேரக் கல்வித் திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

மதிய உணவுக்கு வருவோம். அது அவர் கண்டுபிடித்த ஒன்று என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. 1920 இலேயே நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியிருந்தது. அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. காமராசர் காலத்தில் எப்படி நடந்தது என்பதே என் கருத்தைக் கவர்ந்தது. 1956 இல் திட்டம் தொடங்கியபோது அரசுக் கருவூலத்தை மட்டும் நம்பித் தொடங்கவில்லை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டார். முதலமைச்சரும் கேட்டார். 1957 முதல் அரசு மானியம் வந்தபோதும், செலவில் நூற்றுக்கு அறுபது அரசு, நாற்பது ஊர் என்பதே ஏற்பாடு. 1958 இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே முறைதான். பெஞ்சு, கடிகாரம், கட்டடம், சீருடை என்று ஊரார் கொண்டு வந்து குவித்தார்கள்.

நூற்றுக்கு நாற்பது என்ற அந்தக் கணக்கைக் கண்டதும் எனக்குப் பிடி அரிசி நினைவுக்கு வந்தது. விருதுபட்டி உறவின்முறை தன் மக்களுக்குச் செய்ததை, அந்தப் பள்ளியில் படித்த பையன் நாட்டு மக்கள் எல்லோருக்கும் விரித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. மகமை தன் சாதியாரை முன்னேற்றத் தன் சாதியாரிடம் தண்டிய பணம். அவர்களை வெளியே நிறுத்தியவர்கள் நிறைந்த நாட்டில் அதைக் குறை சொல்லவும் முடியாது. மதிய உணவுப் பந்தியிலோ யார் வீட்டு நெல் யார் தட்டில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

இனி அப்பாயி. அவருக்கு இன்று எழுபத்தைந்து வயது. திட்டம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கு வந்தபோது அவர் இரண்டாம் வகுப்பு. அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவதுதான் வேலை. படிப்பு வழியில் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அறுப்புக் காலத்தில் மிராசுதார் வீட்டிலிருந்தும் மரைக்காயர் கடையிலிருந்தும் மரக்கால் கணக்கில் நெல் வரும். நாலு மா குத்தகைக்கு உழுதவரும் தம் பங்குக்கு ஒரு மரக்கால் கொண்டு வந்து கொட்டுவாராம். அப்பாயியின் தகப்பனார் கொடுத்ததில்லை, கொடுக்க இருந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு தம்பியைப் பார்த்துக்கொள்ள அப்பாயியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவர் மனத்தில் இன்றுவரை ஆறாத ஒன்று. நான் பள்ளியில் சத்துணவு முட்டை சாப்பிட்ட காலத்தில் பையன்கள் சிலர் தருமச் சோறு என்று கேலி செய்ததால் ஒரு வாரம் சாப்பிடாமல் வந்தேன். அப்பாயி என்னைத் திட்டவில்லை. மறுநாள் பள்ளி வாசல்வரை வந்து, நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதே பிடிவாதத்தோடுதான் கடை வேலையிலிருந்தும் என்னைக் காப்பாற்றினார். தம் காதுத் தோட்டை அடகு வைத்து என் முதல் ஆண்டுப் பேருந்துச் செலவையும் நூல்களையும் பார்த்துக்கொண்டார். சிவகாமி அம்மையாரின் நகைகளைப் பற்றிப் படித்தபோது அந்தத் தோடுதான் என் கண்முன் வந்தது. அது இன்னும் மீட்கப்படவில்லை.

1963 அக்டோபர் 2 அன்று தாமாகவே பதவி விலகிக் கட்சிப் பணிக்குச் சென்றார் காமராசர். அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக 1964 இல் லால் பகதூர் சாத்திரியும் 1966 இல் இந்திரா காந்தியும் பிரதமராக வழி செய்தார். ஆனால் 1967 தேர்தலில் விருதுநகரிலேயே தோற்றார். வென்றவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன், வித்தியாசம் 1,285 வாக்குகள். பிடி அரிசி கொடுத்த ஊர் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்த இளைஞருக்கு வாக்களித்தவர்களில் அவருடைய திட்டத்தில் உண்டு படித்தவர்களின் பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. உணவு கொடுத்ததற்கு வாக்கைக் கடனாகக் கேட்க முடியாதுதானே. 1969 இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1975 அக்டோபர் 2 அன்று, காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னை திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

மதிய உணவு 1982 இல் சத்துணவாக விரிந்தது. 2022 இல் காலை உணவும் வந்தது. மகமையும் நிற்கவில்லை. விருதுநகரில் 1947 இல் எழுந்த செந்திக்குமார நாடார் கல்லூரியும் வணிகர் கொடையில் வளர்ந்ததே. எங்கள் ஊரிலும் ஓர் அறக்கட்டளை 1955 இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரியின் வாசலைக் கடந்துதான் நாள்தோறும் நான் பேருந்தில் நம் கல்லூரிக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையும் விருதுநகர் மிளகாய் வந்தது. அப்பா இறக்கினார், நான் எண்ணினேன். பட்டியலில் இருந்த மகமைத் தொகையைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் இறக்குகூலி என்று அப்பாவின் கூலியை எழுதினேன்.