வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வட ஆர்க்காட்டு ஜில்லாவிற் பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டையில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் தேதி, அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜான் ஸ்கடர் என்பாரின் இல்லத்தில் ஐடா ஸோபியா என்னும் பெண்மகவு தோன்றிற்று. இக்குடும்பத்தார் நம் நாட்டிற்குப் புதியரல்லர். குழந்தையின் பாட்டனாரும் ஜான் ஸ்கடர் என்னும் பெயரினரே. அவர் 1819-ஆம் ஆண்டு அமெரிக்காவினின்றும் கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்து, பின்னர்ச் சென்னையை அடைந்தவர். அவர்தம் புதல்வரும் பேரரும் பலர் அவ்வூழியத்தையே மேற்கொண்டனர். ஐடா அம்மையாருக்கோ இளமையில் அதன்பால் விருப்பம் சிறிதும் இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாக இருந்து கண்டவர் அவர். அமெரிக்கா சென்று கல்வி பயின்ற காலத்தில், மீண்டும் இந்நாட்டில் வந்து வாழ்வதில்லையென்றே உறுதி கொண்டிருந்தார். 1890-இல் அன்னையார் நோயுற்றமையின், உதவியாகச் சில காலம் தங்கிப் போகும் எண்ணத்துடனேயே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கு நிகழ்ந்ததொன்றை இவ்விதழ் படிக்கும் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஓரிரவு அந்தணர் ஒருவர் வந்து, தம் இளமனைவி பிரசவ வேதனையில் உயிருக்கு மன்றாடுகின்றாளென்று கூறி, அம்மையாரை அழைத்தார். தாம் வைத்தியம் கல்லாதவரென்றும், தந்தையாரே வைத்தியரென்றும் அம்மையார் கூற, அன்னிய ஆடவர் முகத்தில் தம் மனைவி விழித்தல் கூடாதென்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். அவர் சென்ற பின் முகம்மதியர் ஒருவரும், அவர்க்குப் பின் வேறோர் உயர்ஜாதி இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே காரணத்தால் மீண்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்தனரென்ற செய்தி எட்டியது.

இதன்கண் நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், வைத்திய சாஸ்திரத்தின் குறையால் அம்மூவரும் மாண்டாரல்லர் என்பதே. மயக்க மருந்தாகிய குளோரோபாரம் 1847-ஆம் ஆண்டிலேயே பிரசவ காலத்தில் வழங்கத் தொடங்கிற்று. காயங்களிற் சீழ் பிடியாது காக்கும் கார்பாலிக் திராவக முறையை லிஸ்டர் 1867-இல் உலகறிய எழுதினார். வெளிவராது தங்கிய சிசுவின் தலையைப் பற்றி வெளிக்கொணரும் குறடு அதற்கும் மிக முந்தியது. கருவிகள் இருந்தன, அவற்றை எடுத்தாளவல்ல வைத்தியரும் திண்டிவனத்திலேயே இருந்தார். ஓர் ஆடவரின் கையை வாயிற்படிக்கு அப்பால் நிறுத்தியது நம்மவரின் ஆசாரமே. மனைவியர்பால் அன்பில்லாதவர் நள்ளிரவில் பிறர் கதவைத் தட்டார். அன்பிருந்தும் ஆசாரம் வென்றது. குலப்பெருமை பேசும் ஏடுகளில் இதனையும் எழுதி வைத்தல் நம் கடமையென்றே கருதுகிறோம்.

அவ்விரவோடு அம்மையாரின் கருத்து மாறிற்று. அமெரிக்கா மீண்டு, பிலடெல்பியா நகரத்து மாதர் வைத்தியக் கல்லூரியிற் பயின்றார். நியூயார்க்கிலுள்ள கார்னெல் வைத்தியக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அதிற் சேர்ந்து, 1899-இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வயோதிகச் செல்வர், காலஞ்சென்ற தம் மனைவியாரின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் உதவினார். 1900-ஆம் ஆண்டு வேலூர் வந்த அம்மையாருக்குத் துணையாக நின்று பழக்க வேண்டிய தந்தையார், அவ்வாண்டிலேயே இறந்துபோனார். ஒரு சிறு அறையே வைத்தியசாலை. முதலில் ஊரார் அஞ்சினர். பின்னர் இரண்டாண்டுகளில் 5,000 நோயாளர் வந்தனர் என்பர். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது.

மாதர்க்கென ஏற்பட்ட முதல் ஆஸ்பத்திரி அதுவன்று. சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-இலேயே ஜாதி ஸ்திரீகளுக்கும் கோஷா ஸ்திரீகளுக்குமென ஓர் ஆஸ்பத்திரி தோன்றிற்று. இந்நாளில் அது கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்குகின்றது. ஜாதி என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கினாலன்றி நம் பெண்டிர் உள்ளே புகார் என்று அந்நாளையோர் கருதினர் போலும்! ஆயினும் அது தலைநகரத்தார்க்கு. பாலாற்றங்கரைக் கிராமத்துப் பெண் யாது செய்வாள்?

இங்கேதான் அம்மையாரின் தனித்தன்மை விளங்குகின்றது. நோயாளர் ஆஸ்பத்திரிக்கு வாராராயின் ஆஸ்பத்திரியே அவர்களிடம் செல்லுக என்று துணிந்தார். முதலில் மாட்டு வண்டியிற் சென்ற அவருக்கு, 1909-இல் பெஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாடின்றி ஓடும் அப்பொருளைக் கண்டு, பேயென்று அஞ்சி மக்கள் வயல்வெளியில் ஓடி ஒளிந்தனராம். அச்சம் தெளிந்த பின்னரோ, குறித்த கிழமையில் குறித்த மரத்தடியில், வண்டி வருமுன்னரே கூட்டம் கூடிற்று. குடியாத்தம் சாலையில் வண்டி நிற்குமிடமெல்லாம் புண்ணுக்கு மருந்து கட்டுவதும், கண்ணோயைப் பார்ப்பதும், பல் பிடுங்குவதும், கர்ப்பிணிகளைச் சோதித்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவரைப் பிரித்தறிவதும் நடந்தன. குஷ்ட நோயாளரும் அங்கே காத்திருந்தனர். அந்நாளில் மோட்டார் வண்டி பெரும்பாலும் செல்வரின் ஆடம்பரப் பொருள். அம்மையார் அதனை ஏழைப் பெண்ணின் வாயிலுக்கு ஓட்டினார்.

நிற்க. தாம் ஒருவர் எத்துணை உழைப்பினும் போதாதென்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1909-இல் தாதியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் வேலூரிலே தொடங்கினார். வைத்தியம் கற்க மூன்று பெண்கள் வருவதே அரிதென்று துரைத்தனத்து வைத்தியத் தலைவர் ஐயுற்றார். வந்த விண்ணப்பங்களோ 151. ஒரு மைக்ராஸ்கோப்பு, ஓர் எலும்புக்கூடு, சில நூல்கள், இவையே பள்ளியின் சொத்து. அடுத்த ஆண்டு துரைத்தனப் பரீட்சைக்குச் சென்ற 14 பெண்களும் ஒருவர் தவறாது தேறினர். நால்வர் முதல் வகுப்பு. ஆடவரில் ஐவர்க்கு ஒருவரே தேறிய பரீட்சை அது.

அம்மாணவியருட் கிறிஸ்தவப் பெண்களே மிகுதி. நம்மவரிற் பலர், பிறர் உடல் தொட்டுச் செய்யும் தாதித் தொழிலைக் குலத்திற்கு இழிவென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். தம் வீட்டுப் பெண்ணின் பிரசவத்திற்கு மட்டும் அத்தாதியரை எதிர்பார்த்தனர். அம்மையார் மதப்பிரசாரத்தின்பொருட்டு ஏற்பட்ட சங்கத்தின் ஊழியர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அது குறித்து நம்முட் சிலர்க்கு மனக்குறையும் உண்டு. ஆனால் அவ்வாறு குறை கூறுவோர் நம் குலச் செல்வத்தால் அந்நாளில் எத்தனை பிரசவ ஆஸ்பத்திரிகள் எழுந்தன என்பதையும் உடன் கணக்கிடுதல் நேர்மை.

அம்மையாரின் கடைசிச் சோதனை முதுமையில் வந்தது. 1930-களின் இறுதியில், பள்ளிகள் தரும் குறைந்த தரத்து வைத்தியப் படிப்பை ஒழித்து, சர்வகலாசாலைப் பட்டப் படிப்பே நிலைபெற வேண்டுமென்று சென்னை மாகாண அரசாங்கத்தார் தீர்மானித்தனர். வேலூர்ப் பள்ளி கல்லூரியாக வளர வேண்டும். இன்றேல் மூட வேண்டும். எழுபது வயது கடந்த அம்மையார், உலக யுத்தம் நடக்குங்காலத்தில், பொருள் திரட்ட அமெரிக்கா சென்றார். ஆடவரையும் சேர்த்துக்கொள்வதாயின் பல சபையாரின் உதவியும் ஒருங்கே கிட்டுமென்று தெரிந்தது. முன்னர்ப் பெரும்பொருள் திரட்டித் தந்த உற்ற தோழியார் லூஸி பீபாடி அம்மையார் இதனை ஒப்பவில்லை. பெண்களுக்கென்று நன்கொடை பெற்ற இடத்தை ஆடவர்க்குத் திறத்தல் முறையன்றென்பது அவர் கொள்கை. அக்கொள்கையில் நியாயமில்லையென்று நாம் கூறத்துணியோம். ஐடா அம்மையார் கல்லூரி அழியாதிருத்தலையே பெரிதாகக் கொண்டார். நெடுநாள் நட்பு முறிந்தது. 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கிற்று. 1946-இல் தாதியர்க்கும் பட்டப் படிப்பு ஏற்பட்டது. அவ்வாண்டில் அம்மையார் ஓய்வு பெற, விசாகப்பட்டினத்திற் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அவருக்குப் பின் தலைமை பூண்டார். 1947-இல் ஆடவ மாணவர் முதன்முதல் உள்ளே வந்தனர்.

அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி, 89 வயது நிரம்பிய நிலையில் அங்கேயே காலஞ்சென்றார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் மேல்விலாசம் எழுதப்பெற்ற கடிதம் ஒன்று, ஊர்ப்பெயரின்றியே அவரிடம் சேர்ந்ததென்று வேலூரில் இன்றும் கூறுவர்.