உப்போடு வந்த உதவி: டாக்டர் டேவிட் மரீன்

பத்தாம் வகுப்பு மாணவி

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஆனால் உப்பு சுவைக்காக மட்டும்தானா? நாள்தோறும் நாம் உண்ணும் உப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு மருந்தும் நம் உடலுக்குள் செல்கிறது. அதுவே அயோடின். அது உப்பில் இடம் பெறுவதற்கு வழி காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் டேவிட் மரீன். அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றவர்கள் நம்மைப் போன்ற பள்ளி மாணவியரே என்று அறிந்தபோது, அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

டேவிட் மரீன் 1880-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். புகழ் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1905-இல் மருத்துவரானார். பின்னர் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே தெருவில் திரிந்த நாய்களின் கழுத்து வீங்கியிருப்பதைக் கண்டார். மனிதர் பலருக்கும் அதே வீக்கம் இருந்தது. அந்த ஊரார் அதைப் பார்த்துப் பழகிவிட்டனர்; புதிதாக வந்த இளைஞர் மரீனோ அதைப் பற்றியே சிந்திக்கலானார்.

இந்நோய்க்கு முன்கழுத்துக் கழலை என்று பெயர். நம் கழுத்தின் முன்புறம் தைராய்டு என்னும் சுரப்பி உள்ளது. அது வேலை செய்ய அயோடின் தேவை. கிடைக்காதபோது, இருக்கும் சிறிதளவையும் பிடித்துக்கொள்ள முயன்று அச்சுரப்பி பருத்துவிடுகிறது. கடலிலும் கடல் மீனிலும் அயோடின் உண்டு. கடலுக்கு வெகு தொலைவில், பனிப்பாறையும் மழையும் மண்ணை அரித்துச் சென்ற நாடுகளில் அது மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை. பயிரில் இல்லாதது உணவிலும் இல்லை. அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிய பகுதி அத்தகையதே. கழலை கழுத்தின் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால், பிறக்கும் குழந்தை காது கேளாமலும் பேச்சு வராமலும் அறிவு வளர்ச்சி இன்றியும் போகக்கூடும்.

அயோடின் 1811-ஆம் ஆண்டே கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. 1820-இல் ஜெனீவா நகர மருத்துவர் கோயிண்டே அதைக் கழலைக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் அளவறியாமல் பலர் மிகுதியாக உண்டு துன்புற்றனர். அதனால் அயோடின் என்றாலே அச்சம் பரவிவிட்டது. மரீன் அவசரப்படவில்லை. முதலில் விலங்குகளின் சுரப்பியைச் சோதித்து, அதில் அயோடின் குறையும்போதுதான் வீக்கம் உண்டாகிறது என்று கண்டார். பின்பு பென்சில்வேனியாவில் வளர்ப்புக் குளங்களில் இருந்த மீன்களுக்குப் புற்றுநோய் வந்துவிட்டதாகப் பலர் கருதியபோது, அது கழலையே என்று காட்டி, தண்ணீரில் சிறிது அயோடின் கலந்து குணமாக்கினார்.

நாய்க்கும் மீனுக்கும் வராமல் தடுக்க முடியும் என்றால் குழந்தைகளுக்கும் முடியுமல்லவா? கிளீவ்லாந்து பள்ளிகளில் இதைச் செய்து பார்க்க மரீன் அனுமதி கேட்டார். பிள்ளைகளுக்கு நஞ்சு கொடுப்பதாகும் என்று அஞ்சி அங்கே மறுத்துவிட்டனர். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. ஆலிவர் கிம்பல் என்னும் மருத்துவ மாணவரின் துணையோடு, அருகில் இருந்த ஆக்ரன் நகரப் பள்ளிகளை நாடினார். அங்கே கதவு திறந்தது.

1917-இல் பணி தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவியரின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுரப்பி பருத்திருந்தது! மருந்து உண்ணுமாறு எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நாட்களில் 2 கிராம் சோடியம் அயோடைடு கொடுத்தார்கள். மிகச் சிலருக்குத் தோலில் சிறு தடிப்பு உண்டானது; மற்றவர்களுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தனர். மருந்து உண்டவர்கள் 2,190 பேர். அவர்களுள் வீக்கம் தோன்றியதோ பெரிதானதோ 5 பேருக்கு மட்டுமே. மருந்து உண்ணாதவர்கள் 2,305 பேர். அவர்களுள் 495 பேருக்கு அவ்வாறு ஆயிற்று. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே பள்ளி. ஆயினும் எத்தனை வேறுபாடு! தோழியரே, அந்த 495 பேரை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுள் எத்தனை பேர் நம் வயதுப் பெண்களோ!

இந்தச் செய்தி அமெரிக்காவுக்கு வெளியிலும் பரவியது. சுவிட்சர்லாந்து மருத்துவர்களும் தம் மலைநாட்டில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1922-இல் அந்நாட்டில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கடைகளில் 1924-ஆம் ஆண்டு மே மாதம் அத்தகைய உப்பு வந்தது. மாத்திரையை மறக்கலாம், உப்பை யார் மறப்பார்? மனிதனுக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். எழுபது ஆண்டுகளுக்குக் கூட்டினாலும் 4 கிராம் ஆகாது! ஆகவே மாணவியருக்கு அன்று கொடுத்த அளவு மிக அதிகம். தினமும் சிறிது சிறிதாக உப்பில் பெறுவதே சிறந்த முறை.

நம் நாட்டிலும் இமயமலைச் சாரலில் இந்நோய் மிகுந்திருந்தது. 1956-இல் தொடங்கிய ஆய்வில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பை மக்களுக்குக் கொடுத்து, கழலை குறைவதை நிரூபித்தார்கள். 1962-இல் தேசியக் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அயோடின் கலக்காத உப்பை உண்பதற்கென விற்கக் கூடாது என்ற விதி 2006-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

டாக்டர் மரீன் 1920 முதல் நியூயார்க்கில் மாண்டிஃபியோர் மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1976-இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இக்கட்டுரையை எழுதும்போது எங்கள் வீட்டு அடுப்படிக்குச் சென்று பார்த்தேன். எங்கள் பாட்டிக்குக் கல் உப்புதான் பிடிக்கும். அது மூடியில்லாத சாடியில், அடுப்பு அருகே இருந்தது. எந்தப் பொட்டலத்திலிருந்து கொட்டியது என்று அம்மாவுக்கும் நினைவில்லை. இப்போது பாட்டியின் சம்மதத்தோடு, அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உப்பையே வாங்குகிறோம். மூடி போட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைக்கிறோம். பாட்டி முதலில் தயங்கினார்கள். ஆக்ரன் மாணவியரின் கதையைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

அச்சத்தை அதட்டலால் போக்க முடியாது. பொறுமையோடு உண்மையைக் காட்டியே போக்க முடியும். டாக்டர் மரீனின் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடம் இதுதான். தோழியரே, இன்று மாலை நீங்களும் உங்கள் வீட்டு உப்புச் சாடியைப் பாருங்கள்!